வேகம், நேரம், தூரம் கணக்குல முதல்ல தேட வேண்டியது "எது சமம்?"

ரயில்வே எக்ஸாமுக்குப் படிக்கறவங்க யார்கிட்டயாவது இந்த வேகம்-நேரம்-தூரம் சாப்டர் பத்திக் கேட்டுப் பாருங்க, உடனே நோட்டைத் திறந்து ரெண்டு பக்கத்துக்கு ஃபார்முலா காட்டுவாங்க. கம்பத்தைத் தாண்டினா ஒண்ணு, பிளாட்ஃபார்மைத் தாண்டினா ஒண்ணு, எதிர் எதிரா வந்தா ஒண்ணு, லேட்டா போனா ஒண்ணு, படகுக்குத் தனியா ஒண்ணு. எல்லாம் மனப்பாடம் ஆயிருக்கும், ஆனா எக்ஸாம் ஹால்ல கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டுட்டா எந்த ஃபார்முலாவை எங்க போடறதுன்னு தெரியாம அப்படியே உக்காந்திருப்பாங்க. ரயில்வே தேர்வு வாரியம் நடத்தற ஆர்ஆர்பி என்டிபிசி முதல் கட்டத் தேர்வுல 90 நிமிஷத்துக்கு 100 கேள்வி, அதாவது ஒரு கேள்விக்கு 54 செகண்ட். அதுல மண்டைக்குள்ள ஃபார்முலா தேடிட்டு இருக்க நேரம் கிடையாது.

உண்மையில இந்த சாப்டர்ல இருக்கறது ஒரே ஒரு விஷயம், தூரம் = வேகம் × நேரம். மத்த ரெண்டும் அதுல இருந்தே வந்துடும், தூரத்தை நேரத்தால வகுத்தா வேகம், வேகத்தால வகுத்தா நேரம். மூணையும் ஒரு முக்கோணத்துக்குள்ள எழுதி, வேண்டியதை விரலால மறைச்சு கண்டுபிடிக்கச் சொல்லித் தர்றாங்க இல்லையா, எனக்கு அது மேல பெரிய மரியாதை இல்ல. மணிக்கு 60 கிமீன்னா ஒரு மணி நேரத்துல 60 கிமீ, அப்போ 3 மணி நேரத்துல 180 கிமீ, இதுக்கு எதுக்கு முக்கோணம்?

மெயின் விஷயத்துக்குப் போறதுக்கு முன்னாடி யூனிட் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா முறை தெரிஞ்சவங்களும் மார்க்கை விடறது இங்கதான். கேள்வியில வேகம் மணிக்கு கிமீல இருக்கும், டிரெயின் நீளம் மீட்டர்ல இருக்கும், நேரம் செகண்ட்ல கேப்பாங்க. மணிக்கு 18 கிமீன்னா 18000 மீட்டர், 3600 செகண்ட், வகுத்தா ஒரு செகண்டுக்கு 5 மீட்டர். இந்த 18-க்கு 5 ஒண்ணு போதும். 36-க்கு 10, 54-க்கு 15, 72-க்கு 20, 90-க்கு 25, 108-க்கு 30. கேள்வி தயாரிக்கறவங்களுக்கும் விடை முழு எண்ணா வரணும்ல, அதனால பெரும்பாலும் இந்த நம்பருக்குள்ளதான் சுத்துவாங்க. அப்புறம் ஒரு ஃபீல் வேணும். உசைன் போல்ட் 2009-ல பெர்லின்ல 100 மீட்டரை 9.58 செகண்ட்ல ஓடினாரு, அது சராசரியா மணிக்கு 37.6 கிமீ கிட்ட வருது. அதனால ஒரு திருடன் ஓடற கணக்குல அவன் வேகம் செகண்டுக்கு 20 மீட்டர்னு விடை வந்தா, திருடனைப் பிடிக்கறதுக்கு முன்னாடி நம்ம கணக்கைப் பிடிச்சு திரும்பப் பாக்கணும்.

நேரத்துல இன்னொரு பொறி இருக்கு. 2 மணி 30 நிமிஷத்தை 2.30-ன்னு எழுதி பெருக்கறவங்க நிறைய பேர். அது 2.5 மணி. 20 நிமிஷம்னா மூணுல ஒரு பங்கு, 15 நிமிஷம்னா கால், 12 நிமிஷம்னா அஞ்சுல ஒரு பங்கு. தசமத்துல எழுதாம பின்னமாவே வெச்சுக்கிட்டா கணக்கு சீக்கிரம் சுருங்கும்.

சரி, இப்போ மெயின் விஷயம். கொஞ்சம் யோசிக்க வைக்கற எந்தக் கேள்வியை எடுத்தாலும் அதுல ரெண்டு பயணம் இருக்கும். ஒரே ஆள் போறது வர்றதா இருக்கலாம், ரெண்டு வண்டியா இருக்கலாம், ஒரே டிரெயின் ஒரு கம்பத்தையும் ஒரு பிளாட்ஃபார்மையும் தாண்டறதா இருக்கலாம். அந்த ரெண்டு பயணத்துக்கும் நடுவுல மூணுல ஏதோ ஒண்ணு சமமா இருக்கும், தூரம் சமம், இல்ல நேரம் சமம், இல்ல வேகம் சமம். கேள்வியில அதை நேரடியா சொல்ல மாட்டாங்க. அதைக் கண்டுபிடிச்சுட்டீங்கன்னா மீதி வெறும் கூட்டல் கழித்தல்தான். அதனால கேள்வி படிச்சதும் நம்பரை எடுத்துப் பெருக்க ஆரம்பிக்காம, எது சமம்னு ஒரு தடவை உங்களையே கேட்டுக்கோங்க.

முதல்ல தூரம் சமமா இருக்கற வகை, இதுலதான் அதிகமா கேப்பாங்க. தூரம் ஒண்ணா இருந்தா வேகமும் நேரமும் தலைகீழ், வேகம் ரெண்டு மடங்கானா நேரம் பாதியாகும். விகிதத்துல சொன்னா, வேகம் 4:5 ஆ இருந்தா நேரம் 5:4. இந்த ஒரு வரியை வெச்சு எவ்ளோ கேள்வி போடலாம்னு பாருங்க. ஒருத்தர் மணிக்கு 4 கிமீ வேகத்துல நடந்தா ஆபீசுக்கு 10 நிமிஷம் லேட், 5 கிமீ வேகத்துல நடந்தா 5 நிமிஷம் சீக்கிரம், ஆபீஸ் எவ்ளோ தூரம்? எது சமம், வீட்டுல இருந்து ஆபீஸ் வரைக்குமான தூரம். வேகம் 4:5, அதனால நேரம் 5 பங்கு, 4 பங்கு. வித்தியாசம் 1 பங்கு. அந்த வித்தியாசம் நிஜத்துல எவ்ளோ? 10 நிமிஷம் லேட்டுக்கும் 5 நிமிஷம் சீக்கிரத்துக்கும் நடுவுல 15 நிமிஷம். ஆக ஒரு பங்கு 15 நிமிஷம், மெதுவா நடந்தப்போ ஆன நேரம் 75 நிமிஷம், வேகமா நடந்தப்போ 60 நிமிஷம். மணிக்கு 5 கிமீ வேகத்துல 60 நிமிஷம்னா 5 கிமீ. முடிஞ்சது, எக்ஸ் ஒய் எதுவும் வேண்டாம். இங்க 10-ல இருந்து 5-ஐக் கழிச்சுடறவங்கதான் ஜாஸ்தி, ஆப்ஷன்ல அந்தத் தப்பான விடைக்கும் ஒரு இடம் ரெடியா போட்டு வெச்சிருப்பாங்க. ரெண்டுமே லேட்டா இருந்தா கழிக்கணும், ஒண்ணு லேட் ஒண்ணு சீக்கிரம்னா கூட்டணும். சந்தேகமா இருந்தா மணி போட்டுப் பாருங்க, ஆபீஸ் 10 மணி, ஒரு நாள் 10.10-க்குப் போனாரு, இன்னொரு நாள் 9.55-க்கு, நடுவுல 15 நிமிஷம்.

இதே குடும்பத்துல இன்னொண்ணு. வழக்கமான வேகத்துல முக்கால் பங்குல போனதால 20 நிமிஷம் லேட், வழக்கமா ஆகற நேரம் என்ன? வேகம் 3:4, அதனால நேரம் 4:3, வித்தியாசம் ஒரு பங்கு, அது 20 நிமிஷம், வழக்கமான நேரம் 3 பங்கு, 60 நிமிஷம். மனசுலயே போட்டுடலாம்.

சராசரி வேகமும் இங்கதான் வருது, பாதிப் பேர் வழுக்கி விழற இடம். போகும்போது மணிக்கு 40, வரும்போது 60, சராசரி 50 தானேன்னு கை தானா போகும். தூரம் எவ்ளோன்னு கேள்வியில சொல்லலன்னா நாமளே ஒரு நல்ல நம்பர் வெச்சுக்கலாம், 40-லயும் 60-லயும் வகுபடற 120 கிமீ. போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம், மொத்தம் 240 கிமீ, 5 மணி நேரம், சராசரி 48. ஏன் 50 இல்ல? மெதுவா போனப்போ ரோட்டுல அதிக நேரம் இருந்தோம், அந்த 40 தன் பக்கம் கொஞ்சம் கூடவே இழுத்துக்கும். தூரத்துக்குப் பதிலா நேரம் சமமா இருந்தா, அதாவது 2 மணி நேரம் 40-லயும் 2 மணி நேரம் 60-லயும் போனா, அப்போ 50 சரிதான். ரெண்டு வேகத்தையும் பெருக்கி ரெண்டால பெருக்கி கூட்டுத்தொகையால வகுக்கற ஒரு ஃபார்முலா சுத்திட்டு இருக்கும் பாத்திருப்பீங்க, அது தூரம் சமமா இருந்தா மட்டும்தான் வேலை செய்யும். அதைச் சொல்லாமலே நிறைய வீடியோல சொல்லித் தர்றாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி ஒண்ணு இருக்கு. மொத்தம் 60 கிமீ பயணம், முதல் பாதி 30 கிமீயை மணிக்கு 30 வேகத்துல போயாச்சு, மொத்தப் பயணத்தோட சராசரி 60 வரணும்னா மீதி 30 கிமீயை என்ன வேகத்துல போகணும்? 90-ன்னு சொல்லத் தோணும். சராசரி 60 வரணும்னா 60 கிமீயை மொத்தமா ஒரு மணி நேரத்துல முடிச்சிருக்கணும், ஆனா அந்த ஒரு மணி நேரம் முதல் பாதிலயே தீர்ந்து போச்சு. ராக்கெட்ல போனாலும் முடியாது.

நிஜ டிரெயின்லயும் இதைப் பாக்கலாம். சென்னை-கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சாங்க, ஏறத்தாழ 495 கிமீ தூரம், 5 மணி 50 நிமிஷ நேரம்னு அறிவிச்சாங்க. வகுத்துப் பாத்தா சராசரி மணிக்கு 85 கிமீ சுமார்தான் வருது. விளம்பரத்துல வர்ற பெரிய வேகம் உச்ச வேகம், நடுவுல நிக்கறது, மெதுவா போக வேண்டிய இடங்கள் எல்லாம் சேர்ந்துதான் சராசரி. கேள்வியில "நிறுத்தங்கள் இல்லாமல் 60, நிறுத்தங்களுடன் 50, ஒரு மணிக்கு எத்தனை நிமிடம் நிற்கிறது"ன்னு வர்றதும் இதேதான். 10 கிமீ குறைஞ்சிருக்கு, அந்த 10 கிமீ போக 60 வேகத்துல 10 நிமிஷம் ஆகும், அந்த நேரம் வண்டி சும்மா நின்னிருக்கு.

அடுத்தது வேகம் சமமா இருக்கற வகை, டிரெயின் கம்பம் பிளாட்ஃபார்ம் பாலம் எல்லாம் இதுல வரும். இங்க குழப்பம் ஒண்ணே ஒண்ணுதான், எவ்ளோ தூரம் போச்சுங்கறது. ஒரு கம்பத்தைத் தாண்டறதுன்னா எஞ்சின் மூக்கு கம்பத்தைத் தொட்டதுல இருந்து கடைசிப் பெட்டியோட வால் அதைத் தாண்டற வரைக்கும், அதனால டிரெயின் தன் நீளத்துக்கு நகரணும். பிளாட்ஃபார்ம்னா அதோட நீளத்தையும் சேர்த்துக்கணும். டிரெயின் 150 மீட்டர், வேகம் 54 கிமீன்னா செகண்டுக்கு 15 மீட்டர், கம்பத்துக்கு 10 செகண்ட். 300 மீட்டர் பிளாட்ஃபார்முக்கு 450 மீட்டர் போகணும், 30 செகண்ட்.

புக்ல வர்ற டிரெயின் எல்லாம் 100 மீட்டர், 150 மீட்டர்னு குட்டி குட்டியா இருக்கும், நிஜத்துல இப்போ ஓடற எல்எச்பிங்கற புது வகைப் பெட்டி ஒண்ணே சுமார் 24 மீட்டர், 21 பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தா 520 மீட்டர் வந்துடும். 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் பாலம் சுமார் 2.08 கிமீ நீளம். அது மேல இந்த 520 மீட்டர் டிரெயின் மணிக்கு 36 கிமீ வேகத்துல போகுதுன்னு வெச்சுக்கோங்க, செகண்டுக்கு 10 மீட்டர். டிரெயின் முழுசா பாலத்தைக் கடக்க 2600 மீட்டர் நகரணும், 260 செகண்ட், 4 நிமிஷம் 20 செகண்ட். ஆனா உள்ள ஜன்னலோரம் கடலைப் பாத்துட்டு உக்காந்திருக்கறவர் பாலத்து மேல எவ்ளோ நேரம் இருந்தாரு? அவர் ஒரு புள்ளி, அவருக்கு நீளம் கணக்கில்ல, 2080 மீட்டர்தான், 208 செகண்ட். எந்தப் பெட்டியில உக்காந்திருந்தாலும் அதே 208 தான். "பயணி ஒருவர் பாலத்தைக் கடக்க"ன்னு கேள்வியில ஒரு வார்த்தை மாறினா விடையில 52 செகண்ட் மாறிடுது பாருங்க.

இப்போ வேகம் சமம்ங்கறதை எப்படிப் பயன்படுத்தறதுன்னு ஒரு கேள்வி. ஒரு டிரெயின் கம்பத்தை 12 செகண்ட்லயும், 240 மீட்டர் பிளாட்ஃபார்மை 28 செகண்ட்லயும் தாண்டுது, நீளமும் வேகமும் என்ன? ரெண்டு தடவையும் அதே டிரெயின், அதே வேகம். கம்பத்துக்குத் தன் நீளம், பிளாட்ஃபார்முக்குத் தன் நீளமும் 240-ம். கூடுதலா ஆன 16 செகண்ட் அந்த 240 மீட்டருக்கு மட்டும்தான் ஆகியிருக்கணும். 240-ஐ 16-ஆல வகுத்தா 15, அதாவது மணிக்கு 54 கிமீ. நீளம் 15 × 12, 180 மீட்டர். நோட்டுல இதுக்கு ஒரு நீட்டமான ஃபார்முலா எழுதி வெச்சிருந்தா தாராளமா அடிச்சுடலாம்.

மூணாவது நேரம் சமம். ரெண்டு வண்டி ஒரே நேரத்துல கிளம்பி சந்திக்கற, துரத்திப் பிடிக்கற கேள்விகள். ரெண்டு பேரும் ஓடிட்டு இருக்கற நேரம் ஒண்ணுதான்ங்கறதால, ரெண்டு வேகத்தையும் ஒரே வேகமா மாத்திடலாம். எதிரெதிரா வந்தா நடுவுல இருக்கற இடைவெளி ரெண்டு பேராலயும் குறையுது, அதனால கூட்டல். ஒரே பக்கமா ஓடினா முன்னாடி ஓடறவன் இடைவெளியைக் கூட்டறான், பின்னாடி வர்றவன் குறைக்கறான், அதனால கழித்தல். இது இன்னைக்கு நேத்து வந்த ஷார்ட்கட் இல்ல, கிபி 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதின ஆரியபடீயம்ங்கற வானியல் நூல்ல, கணிதபாதம்ங்கற பகுதியிலயே இருக்கு. எதிர்த்திசையில போற ரெண்டு பொருளுக்கு இடையில உள்ள தூரத்தை வேகங்களோட கூட்டுத்தொகையால வகு, ஒரே திசையில போனா வித்தியாசத்தால வகு, சந்திக்கற நேரம் கிடைக்கும்னு ஆரியபட்டர் ஒரே சூத்திரத்துல சொல்லிட்டாரு. அவர் மனசுல இருந்தது கிரகங்கள், நமக்கு எக்ஸ்பிரஸ் டிரெயின்.

சென்னை எழும்பூர்ல இருந்து மதுரை ரயில் பாதையில சுமார் 490 கிமீ. காலைல 6 மணிக்கு சென்னையில இருந்து ஒண்ணு 80 வேகத்துல, மதுரையில இருந்து ஒண்ணு 60 வேகத்துல கிளம்புது, நடுவுல எங்கயும் நிக்கல. இடைவெளி மணிக்கு 140 குறையுது, 490-ஐ 140-ஆல வகுத்தா மூணரை, 9.30-க்கு சந்திக்கும், சென்னையில இருந்து 280 கிமீ தூரத்துல. நேரம் சமமா இருக்கறதால தூரமும் வேகத்தோட விகிதத்துலயே பிரியும், 80:60 அதாவது 4:3, 490-ஐ ஏழு பங்காக்கினா பங்குக்கு 70, நாலு பங்கு 280. ரெண்டு வழியிலயும் ஒரே விடை வருதான்னு பாக்கறது நல்ல பழக்கம்.

கிளம்பற நேரம் வேற வேறயா இருந்தா நேரம் சமம் இல்லையேன்னு கேப்பீங்க. சமம் ஆக்கிட வேண்டியதுதான். ஒண்ணு சென்னையில இருந்து 6 மணிக்கு 60 வேகத்துல கிளம்புது, இன்னொண்ணு அதே பக்கமா 8 மணிக்கு 80 வேகத்துல. கடிகாரத்தை 8 மணிக்கு நகர்த்துங்க, இப்போ முதல் வண்டி 120 கிமீ முன்னாடி நிக்குது, ரெண்டும் இந்த நிமிஷம்தான் கிளம்புதுன்னு நினைச்சுக்கோங்க. வித்தியாசம் 20, 120-க்கு 6 மணி நேரம், மதியம் 2 மணிக்குப் பிடிக்கும், 480 கிமீல. மதுரை வர்றதுக்கு 10 கிமீ முன்னாடி, சமயநல்லூர் பக்கம் எங்கயாவது. முதல் வண்டிக்கு 8 மணி நேரம் × 60, அதுவும் 480, சரியா வருது. ஒரு கோடு வரைஞ்சு ரெண்டு புள்ளி வெச்சு 8 மணிக்கு யார் எங்கன்னு குறிச்சுட்டா தப்பு விட வாய்ப்பே கம்மி. கோடு வரைய நேரமில்லன்னு சொல்றவங்கதான் கடைசியில அதே கேள்வியை ரெண்டு தடவை போடறாங்க.

ரெண்டு டிரெயினும் ஒண்ணையொண்ணு தாண்டற கேள்வி, மேல பாத்த ரெண்டையும் கலந்தது, அவ்ளோதான். 160 மீட்டர், 140 மீட்டர், வேகம் 60, 48. தாண்டணும்னா ரெண்டு நீளத்தையும் சேர்த்து 300 மீட்டர். எதிரெதிரா வந்தா 108, செகண்டுக்கு 30 மீட்டர், 10 செகண்ட்ல முடியும். ஒரே பக்கமா போனா வித்தியாசம் 12 கிமீ, செகண்டுக்கு பத்தை மூணால வகுத்தது, 90 செகண்ட் ஆகும். வேகத்தைக் கழிக்கறோம்னு நீளத்தையும் கழிச்சுடாதீங்க, ரெண்டு திசையிலயும் நீளம் கூட்டல்தான்.

படகுக் கணக்கைப் பத்தி தனியா பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. நீரோட்டத்தோட போனா கூட்டல், எதிர்த்துப் போனா கழித்தல். நீரோட்டத்தோட 12, எதிர்த்து 8-ன்னா ரெண்டுக்கும் நடு 10 படகோட வேகம், மீதி 2 தண்ணியோட வேகம். போய்ட்டு வர்ற கேள்வின்னா தூரம் சமம், அது நாம முதல்லயே பாத்த வகை.

கடைசியா ஒண்ணு, ஸ்கொயர் ரூட் போட்டு பயமுறுத்தற கேள்வி. ரெண்டு ஊர்ல இருந்து ஒரு சிவப்பு டிரெயின், ஒரு நீல டிரெயின், ஒரே நேரத்துல எதிரெதிரா கிளம்புது. நடுவுல சந்திச்சதுக்கு அப்புறம் சிவப்பு 4 மணி நேரத்துல போய்ச் சேருது, நீலம் 9 மணி நேரம் எடுத்துக்குது. வேக விகிதம் என்ன? பாத்தா எதுவுமே குடுக்காத மாதிரி இருக்கும். எது சமம்னு தேடுங்க. சந்திக்கற வரைக்கும் ஆன நேரம் ரெண்டுக்கும் ஒண்ணு, அது தெரியாது, இருக்கட்டும். சிவப்பு சந்திக்கற வரைக்கும் வந்த அதே தண்டவாளத்தைத்தான் நீலம் பின்னாடி 9 மணி நேரம் ஓடுது. நீலம் சந்திக்கற வரைக்கும் வந்த தண்டவாளத்தைத்தான் சிவப்பு 4 மணி நேரத்துல முடிக்குது. தூரம் சமம்ங்கறதால முதல் துண்டுல சிவப்பு வேகத்துக்கும் நீல வேகத்துக்கும் விகிதம் 9-க்கு தெரியாத நேரம், ரெண்டாவது துண்டுல அதே விகிதம் தெரியாத நேரத்துக்கு 4. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னா தெரியாத நேரத்தோட வர்க்கம் 36, ஆக நேரம் 6 மணி. விகிதம் 9-க்கு 6, சுருக்கினா 3:2. ஸ்கொயர் ரூட் ஃபார்முலாலயும் இதே 3:2 தான் வரும், ஆனா அதுல எது மேல எது கீழன்னு எக்ஸாம் ஹால்ல குழம்பும். இதுல குழம்பாது, ஏன்னா 4 மணி நேரத்துல போய்ச் சேர்ந்த சிவப்புதான் வேகமான வண்டின்னு கேள்வியைப் பாத்தாலே தெரியும்.